கூடத்துப் பச்சை

ஆணையர் மாளிகையைப் புதுப்பிக்க வந்தவர்களில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாருமில்லை. பூனை என்றார்கள். சாரத்துப் பலகையில் அவள் நடந்தால் பலகைக்கே தெரியாது. பின்னால் வந்து நின்று, வேண்டிய தூரிகையை எடுத்துக்கொண்டு போயிருப்பாள். பக்கத்தில் இருந்தவருக்கு அப்புறம்தான் உறைக்கும். வயர்மேன் ஒருநாள் ஏணி மேலிருந்து திரும்பியவர், முகத்துக்கு நேராக அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, இறங்கி வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "இவ கழுத்துல ஒரு மணியக் கட்டி அனுப்பக் கூடாதாய்யா?" என்று மேஸ்திரியிடம் முறையிட்டார். அன்றைக்கு ஒட்டிய பெயர்தான். மேஸ்திரி அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். அவரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

பேச்சு அவளிடம் எப்போதும் கம்மி. சின்ன வயதில் விருந்தாளிகள் வந்தால் கட்டிலுக்கடியில் போய் உட்கார்ந்துகொள்வாள் என்று அண்ணன் இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். பெயிண்ட் வேலைக்கு அவளை யாரும் திட்டம் போட்டுக் கொண்டுவரவில்லை. அண்ணனுடைய ஆள் ஒருவர் காய்ச்சலில் படுத்தபோது, ஜன்னல் கம்பிகளுக்கு அடிக்க ஒரு கை குறைந்தது. "சும்மாதான இருக்க, வந்து ரெண்டு இழுப்பு இழுத்துட்டுப் போ" என்றார். போனாள். காய்ச்சல்காரர் தேறி வந்த பிறகும் அவளை அனுப்ப அண்ணனுக்கு மனம் வரவில்லை. கண் அப்படி. ஒரு நிறத்தைக் காலையில் ஒருமுறை பார்த்தால், சாயங்காலம், பார்த்துக் கலக்க மாதிரி எதுவும் இல்லாமலே கலக்கிக் கொடுத்துவிடுவாள். பழைய கதவில் ஒரு துண்டு பெயர்ந்திருந்தால் அவள் ஒட்டுப்போட்ட இடத்தைக் கையால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மாளிகைக்கு அவர்கள் வந்தபோது ஆணையரும் அவர் மனைவியும் விருந்தினர் விடுதிக்குக் குடிபோயிருந்தார்கள். வீடு காலியாக இருந்தது. ஆனால் அமைதியாக இல்லை. சாமான் அறை இருந்த இடத்தில் லிஃப்டுக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். குளியலறைகளிலிருந்து கழற்றிய பித்தளைக் குழாய்களை ஒரு விரிப்பில் வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். குளிர்சாதனக் குழல்கள் கூரையின் பூவேலைக்குப் பின்னால் மறைந்து மறைந்து போயின. வயர்மேன் சுவரை உடைக்காமல் பழைய புகைபோக்கி வழியாகவே கம்பிகளை இறக்கிக்கொண்டிருந்தார். அதைப் பற்றி அவருக்கு ஏகப்பட்ட பெருமை. டீ குடிக்கிற ஒவ்வொரு முறையும் அந்தப் பெருமையையும் சேர்த்துக் குடித்தார். துளையிடும் இயந்திரம் நிற்கும் இடைவெளிகளில் மட்டும் வீட்டின் சொந்தச் சத்தம் கேட்கும். எங்கோ ஒரு கதவு மெல்லச் சாய்ந்து மூடிக்கொள்ளும். வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலிகள், தூங்குகிறவர்கள் புரண்டு படுக்கப் போவதைப் போல இருக்கும். அவளுக்கு அந்த இடைவெளிகள் பிடித்திருந்தன.

அவளுக்குக் கிடைத்த வேலையும் அந்த இடைவெளிகளுக்கு ஏற்றதுதான். ஒவ்வோர் அறையிலும் முதன்முதலில் என்ன நிறம் அடித்திருந்தார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். சிறிய கத்தியால் சுவரை ஒரு கையகல இடத்தில் அடுக்கடுக்காகச் சுரண்டிக்கொண்டே போக வேண்டும். மேலே இருப்பது நேற்றைய வெள்ளை. அதற்கடியில் ஒரு மஞ்சள், அதற்கடியில் சாம்பல், பிறகு செங்கல் நிறம், பிறகு இன்னொரு வெள்ளை. ஒவ்வோர் அடுக்கிலும் விரலகலம் விட்டுவிட்டு அடுத்ததற்கு இறங்கினால், நிறங்கள் படிகளாகத் தெரியும். குழுவில் அதற்கு ஏணி என்று பெயர். அவள் அந்த ஏணியில் இறங்கும்போது மூச்சுகூடச் சத்தமாக விடமாட்டாள். சாம்பலில் நிற்கும்போது அந்தக் காலத்தில் இங்கே இருந்த யாரோ நாற்காலியை இழுத்துப் போடுவதுபோல இருக்கும். செங்கல் நிறத்தில் விளக்கு ஏற்றியிருப்பார்கள். இதையெல்லாம் அவள் யாரிடமும் சொன்னதில்லை. கணவனிடம் மட்டும் ஒருமுறை சொன்னாள்.

வேலையை மேற்பார்வை பார்த்த ஆர்க்கிடெக்ட் மேடம் முதல் நாளே ஒரு விதி சொல்லியிருந்தார். பழைய எண்ணெய்ப் பெயிண்ட் வெளிச்சம் படாமல் வருஷக்கணக்கில் மூடிக் கிடந்தால் எண்ணெய் பழுத்து மஞ்சளாகிவிடும். அப்போது அடியிலிருக்கும் நிறம் வேறாகத் தெரியும். அதனால் ஏணியை ஜன்னலோரமாகத் திறந்து, சில வாரங்கள் வெயில் வெளிச்சத்தில் விட்டுவைக்க வேண்டும். மஞ்சள் வெளுத்த பிறகு தெரிகிற நிறம்தான் உண்மையான நிறம். அதைப் பார்த்துத்தான் கலக்க வேண்டும். எல்லோரும் தலையாட்டினார்கள். அவளும் ஆட்டினாள்.

கீழே இருந்த வரவேற்புக் கூடத்தில்தான் சிக்கல் வந்தது. அங்கே ஜன்னலோரச் சுவர்களெல்லாம் ஈரத்தில் ஊறிப் பூச்சு உதிர்ந்து கிடந்தன. நல்ல சுவர் ஒன்றுதான். உள்பக்கம், ஆளுயரத்துக்கும் மேலான ஒரு மர அலமாரிக்குப் பின்னால். எதிர் ஜன்னல்களைப் பலகை வைத்து அடைத்திருந்ததால் அங்கே பகலிலும் விளக்குப் போட்டுத்தான் வேலை செய்தாள். மஞ்சள், சாம்பல், செங்கல், வெள்ளை என்று இறங்கிக் கடைசிப் படிக்கு வந்தபோது கத்தியை எடுத்துவிட்டாள்.

பச்சை. மழை விட்ட பிறகு மரத்தடியில் நிற்கும்போது மேலிருந்து விழுமே, அந்த வெளிச்சத்தின் பச்சை. அவள் கைவிளக்கை அருகே கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள். இப்படி ஒரு நிறத்தை அவள் அதுவரை கலக்கியதில்லை. அந்தப் பெரிய கூடம் முழுக்க அந்தப் பச்சை நிரம்பி, கூரை வரை ஏறி நிற்பதை அப்போதே பார்த்துவிட்டாள்.

ஆர்க்கிடெக்ட் மேடம் ஊரில் இல்லை. அவருடைய அப்பாவுக்கு அறுவை சிகிச்சை. சாரத்தைக் கழற்றி மாடிக்கு ஏற்ற வேண்டும் என்று பூச்சுக்காரர்கள் நச்சரித்தார்கள். அண்ணன் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டதுபோல வந்து நின்றார். "கலர் தெரிஞ்சுபோச்சுல்ல? அப்புறம் என்ன, கலக்கிடு."

வெளிச்சத்தில் வைக்கவில்லையே என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். சொற்கள் நாக்கு வரை வந்தன. கூடவே அந்தப் பச்சையும் வந்தது. இத்தனை அழகாக இருப்பது எப்படித் தப்பாக இருக்கும் என்று உள்ளுக்குள் ஏதோ ஒன்று கெஞ்சியது. வாளியை இழுத்து வைத்துக்கொண்டாள்.

கலந்து முடித்து, சுவரில் ஒரு சதுரம் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது மேடம் போனில் அழைத்தார். அண்ணன் எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார். அப்பாவின் உடம்பைப் பற்றி விசாரித்தார். பிறகு அங்கிருந்து ஏதோ கேட்டிருக்க வேண்டும். "வெளிச்சத்துல வெச்சு எல்லாம் பாத்தாச்சு மேடம், ஒண்ணும் கவலப்படாதீங்க" என்றார். சொல்லிவிட்டுத் தங்கையைப் பார்த்தார். தங்கை தூரிகையின் முடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூடம் பச்சையானது. அவள் நினைத்ததைவிட நன்றாகவே வந்தது. லிஃப்டுக்காரர்கள் கூட வேலையை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்கள். வயர்மேன் தன்னுடைய சுவிட்சுப் பலகைகளை இந்தச் சுவரில் வைப்பது பாவம் என்று சொல்லி அவற்றை இரண்டு தடவை இடம் மாற்றினார். ஆணையரின் மனைவி பார்க்க வந்தபோது, துணி போர்த்திய நாற்காலி ஒன்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "தண்ணிக்குள்ள உக்காந்திருக்கற மாதிரி இருக்கு" என்றார். திரைச்சீலைக்கு அந்தப் பச்சைக்குப் பொருந்தும் துணியைத் தேட அன்றே ஆள் அனுப்பினார். மேடம் திரும்பி வந்து சுவரைச் சுற்றி நடந்து பார்த்தார், திருப்தியாக இருந்தார். மாடியிலிருக்கும் அறைகள் எல்லாவற்றையும் பூனை தலைமையில் ஒரு தனிக் குழு செய்யட்டும் என்று மேஸ்திரியிடம் சொன்னார்.

தனிக் குழு. அதுவரை அவள் மேஸ்திரியின் தங்கை. இனி அவளே ஒரு மேஸ்திரி. அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. டீக்கடையில் நின்றவர், நடந்தவர் எல்லோரிடமும் சொன்னார். "கட்டிலுக்கடியில இருந்த பொண்ணு, இப்ப நாலு பேரக் கட்டி மேய்க்கப் போறா." அவள் அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது வழக்கமான குறுக்குச் சந்தை விட்டுவிட்டுப் பெரிய தெரு வழியாகச் சுற்றிப் போனாள்.

பழுதுபார்க்கும் கட்டடங்களில் ஒரு பழக்கம் உண்டு. எல்லாச் சுவரையும் அடித்து முடித்தாலும் ஓர் ஏணியை மட்டும் அடிக்காமல் அப்படியே விட்டு, அதற்கு ஒரு கண்ணாடிச் சட்டம் போட்டு வைப்பார்கள். பின்னால் வருகிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று. கூடத்திலும் அப்படியே விட்டிருந்தார்கள். அலமாரியைப் பூச்சி அரித்த பலகை மாற்றக் கொண்டுபோய்விட்டதால் அந்த இடம் இப்போது திறந்து கிடந்தது. எதிர் ஜன்னல்களில் பலகையைப் பெயர்த்துவிட்டுப் புதுக் கண்ணாடி போட்டார்கள். காலை வெயில் தரையில் ஊர்ந்து, சுவரில் ஏறி, அந்தக் கையகல இடத்தில் வந்து கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகத் தொடங்கியது.

கண்ணாடியைத் துடைக்கிற வேலையை அவளே வைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் கடைசிப் படியில் ஏதோ மாறியிருப்பதுபோலப் பட்டது. கண்தான் களைத்திருக்கிறது என்று விட்டுவிட்டாள். அப்புறம் இன்னொரு நாள். பச்சையிலிருந்து யாரோ மெல்ல மஞ்சளைப் பிழிந்து எடுப்பதுபோல இருந்தது. ஒவ்வொரு காலையும் வெயில் வந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டு போனது. அவள் நாள்தோறும் வந்து நின்றாள்; பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. கடைசியில் ஒரு காலை அங்கே பச்சையே இல்லை. சுத்தமான, லேசான, விடிந்து சற்று நேரமான வானத்தின் நீலம். அதைச் சுற்றி நாலாபுறமும், கூரை வரைக்கும், அவள் கலக்கிய பச்சை.

அவளுடைய கணவன் ஆஸ்பத்திரியில் இரவு வார்டில் வேலை பார்க்கிறவன். அவள் வீடு திரும்பும் நேரம் அவன் கிளம்பும் நேரம். ஒரு கோப்பை டீயை இருவரும் பாதிப் பாதி குடிக்கும் அவகாசம்தான் அவர்களுக்கு நாளில் கிடைக்கும். அவளுக்குப் பேச அது போதுமானதாகவே இருந்தது. அன்று அவன் காலணிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

"கூடம் நீலம்."

"பச்சைன்னுதான சொன்ன?"

"நான்தான் பச்சையாக்கிட்டேன்."

அவன் ஒரு கயிற்றை மட்டும் கட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவள் முழுவதையும் சொன்னாள். அவள் இவ்வளவு நீளமாகப் பேசி அவன் கேட்டதே இல்லை. வேறு யாருக்காவது தெரியுமா என்று கேட்டான். தெரியாது, யாரும் அந்த அளவுக்கு அருகில் போய்ப் பார்க்கப் போவதில்லை என்றாள். அந்தச் சட்டத்துக்குமேல் ஒரு படத்தை மாட்டினால் முடிந்தது என்று அவளே சொன்னாள். சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"மாட்டிடு. ஆனா மாடில என்ன பண்ணப்போற?" என்றான் அவன்.

அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவனுக்குப் பேருந்து போய்விட்டது. அன்று அவன் வார்டுக்குத் தாமதமாகப் போய்த் தலைமை நர்ஸிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

மாடியில் வேலை தொடங்கியபோது அவள் படம் எதையும் மாட்டவில்லை. யாரிடமும் எதையும் சொல்லவும் இல்லை. ஒவ்வோர் அறையிலும் ஜன்னலோரமாக ஓர் ஏணியைத் திறந்தாள். திரைகளை எல்லாம் கழற்றினாள். கண்ணாடியைத் துடைத்தாள். பிறகு தன் குழுவிடம் கதவுகளைத் தேய்க்கச் சொன்னாள். தேய்த்து முடித்தார்கள். கைப்பிடிகளைத் தேய்க்கச் சொன்னாள். அதையும் முடித்தார்கள். சுவர்கள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. ஓர் அறையில் பழுப்பு என்று நினைத்தது மெல்ல இளஞ்சிவப்பாகத் திரும்பியது. இன்னொன்றில் தந்த நிறம் வெள்ளையானது. குழுவிலிருந்தவர்கள் சுவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஆளுக்கொரு ஜன்னலில் சாய்ந்துகொண்டார்கள்.

அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. மாடிப்படி ஏறி வரும்போதே குரல் வந்துவிட்டது. மற்ற அறைகளில் தரைக்காரர்கள் காத்திருக்கிறார்கள், கொடுத்த தேதி தலைக்குமேல் வந்து நிற்கிறது, இங்கே என்ன சுவருக்குச் சூரியக் குளியலா என்று கத்தினார். அவள், "காயட்டும்ண்ணே" என்று மட்டும் சொன்னாள். "ஈரமா இருக்கா? காயறதுக்கு என்ன இருக்கு?" என்றார். அவர் நேராக ஆர்க்கிடெக்ட் மேடத்தைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். தங்கைக்குப் புத்தி சொல்லச் சொல்லி. கூடம் அவ்வளவு நன்றாக வந்த பிறகு அந்த வெளிச்ச விதி அவருக்கு நினைவிலேயே இல்லை.

மேடம் அறை அறையாகப் போய்ப் பார்த்தார். ஜன்னலோர ஏணிகளைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் மலர்ந்திருந்தது. இதைத்தான் நானும் சொன்னேன், உங்கள் தங்கை செய்வதுதான் சரி என்று மேஸ்திரியிடம் சொன்னார். மேடம் கையிலிருந்த பேனாவைத் திறந்துகொண்டு, தேதியைத் தள்ளிக் கேட்க வேண்டும், அதற்கு ஒரு கணக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டு, வெகு சாதாரணமாகக் கேட்டார்.

"கீழ கூடத்துல எவ்வளவு நாள் வெச்சீங்க? அதே அளவு இங்கயும் போதும்ல?"

துளையிடும் இயந்திரம் அந்த நேரம் பார்த்து நின்றது. அண்ணனின் கண் அவள்மேல் இருந்தது. ஏதாவது ஓர் எண்ணைச் சொன்னால் போதும். மேடம் எழுதிக்கொண்டு போய்விடுவார். கூடம் பச்சையாகவே இருக்கும். திரைச்சீலை தைத்து வரும். ஆணையரின் மனைவி தண்ணீருக்குள் உட்கார்ந்திருப்பார். அவளும் மேஸ்திரியாக இருப்பாள். ஆனால் அவள் சொல்கிற எண்ணை வைத்துத்தான் இந்த அறைகளுக்கும் கணக்குப் போடுவார்கள். சின்ன எண்ணாகச் சொன்னால் இவையும் பாதியில் நின்றுவிடும். பெரிதாகச் சொன்னால், சாரம் கழற்றிய நாளை வைத்து மேடமே எண்ணிப் பார்த்துவிடுவார். இளஞ்சிவப்பு அவளுக்கு எதிர்ச் சுவரில் இன்னும் பாதி வழியில் இருந்தது.

"வைக்கவே இல்ல மேடம்" என்றாள்.

மேடம் புரியாமல் பார்த்தார். அவள் மாடிப்படியில் இறங்கி நடந்தாள். மற்ற இருவரும் பின்னால் வந்தார்கள். கூடத்தில் வெயில் சரியாக அந்த இடத்தில்தான் இருந்தது. மேடம் கண்ணாடிச் சட்டத்துக்குமுன் நின்றார். பிறகு சுவரைப் பார்த்தார், சட்டத்தைப் பார்த்தார். நான் கலக்கினேன், எனக்குத் தெரியும், தெரிந்தே கலக்கினேன் என்று அவள் சொன்னாள். அண்ணன் போனில் சொன்னதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அண்ணன் தொண்டையைச் செருமினார்.

மேடம் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. "இதுக்கு நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். அடுத்த நாள் முடிவு வந்தது. கூடத்தைத் திரும்ப அடிக்க வேண்டும். மாடி அறைகளில் ஏணிகள் இருக்கிறபடியே வெளிச்சத்தில் இருக்கட்டும். அந்த முறையில் மாற்றமில்லை. ஆனால் தனிக் குழு கிடையாது. மாடியை மேஸ்திரியே பார்த்துக்கொள்வார். பூனை கூடத்தில் வேலை செய்யலாம், ஓர் ஆளாக.

அண்ணன் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் வயர்மேனைக் கூப்பிட்டு, அவள் காதில் விழும்படி, "அந்தப் பூனைகிட்டச் சொல்லுங்க, மொதக் கோட்டிங் காயறதுக்கு முன்னாடி மேல போட வேணாம்னு" என்பார். வயர்மேன் நடுவில் நின்றுகொண்டு, "அம்மா பூனை, கேட்டுச்சா? கேட்டுச்சாம் மேஸ்திரி" என்று இரண்டு பக்கமும் தபால் கொடுத்தார். கொஞ்ச நாளில் அவருக்கே அலுத்துவிட்டது. "நான் கம்பி இழுக்கறதா, உங்க ரெண்டு பேருக்கும் போன் கம்பியா நிக்கறதா?" என்று கேட்டுவிட்டுப் புகைபோக்கிக்குள் தலையை விட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அண்ணன் நேராகவே வந்தார். சாரத்துக்குக் கீழே நின்று அண்ணாந்து, "டீ ஆறுது" என்றார். அவ்வளவுதான். அவள் இறங்கி வந்து குடித்தாள்.

மாடியில் அவர் ஒவ்வொரு காலையும் திரைகளைத் தானே விலக்கிவிடுகிறார் என்று குழுவிலிருந்தவர்கள் சொன்னார்கள். இளஞ்சிவப்பு வந்து சேர்ந்தபோது அவர் அறை வாசலிலேயே சற்று நின்றாராம்.

நீலத்தைக் கலக்க அவளுக்கு நேரம் பிடித்தது. கண்ணாடிச் சட்டத்துக்கும் வாளிக்குமாக நடந்தாள். மேடம் வந்து பார்த்துச் சரி என்ற பிறகும் இன்னும் ஒரு துளி வெள்ளை சேர்த்தாள். கூரையோரத்திலிருந்து தொடங்கினாள். மேலே நீலம் இறங்க இறங்கக் கீழே பச்சை சுருங்கிக்கொண்டு வந்தது. பாதிச் சுவரில் இரண்டும் சந்தித்துக்கொள்ளும் இடத்தில், ஈரம் காயாத நேரத்தில், எது எதன்மேல் இருக்கிறது என்று சொல்ல முடியாது.

ஒரு மதியம் ஆணையரின் மனைவி தனியாக வந்தார். சாரத்துக்கு அந்தப் பக்கம் நின்று, மிச்சமிருக்கும் பச்சையைக் கையால் தொட்டுப் பார்த்தார். திரைச்சீலைத் துணியைத் திருப்பி அனுப்பிவிட்டதாகச் சொன்னார். நீலமும் நன்றாகத்தான் இருக்கிறது, இதுதான் சரியென்று எல்லோரும் சொல்கிறார்கள் என்றார்.

"எனக்கு என்னவோ அந்தப் பச்சதான் பிடிச்சிருந்துச்சு" என்றார் கடைசியில்.

"எனக்கும்தாம்மா" என்றாள் சாரத்திலிருந்தவள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் தூரிகையை வாளியின் விளிம்பில் வழித்து, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, அடுத்த இழுப்பை இழுத்தாள். கீழே நின்றவர் போகவில்லை. சுவரில் பச்சை முழங்கால் உயரத்துக்கு இருந்தது. நாற்காலி ஒன்றிலிருந்து துணியை விலக்கி, அந்தப் பச்சை இருக்கும்வரை அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.